வெள்ளி பிடித்த சதை

அத்தியாயம் 6

செத்துப்போனவருடைய குடலைத் திருப்பிக் கேட்டு ஒருவர் பித்தளைத் தூக்குவாளியோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்தேன். விருதுநகருக்கு வெளியே, மல்லாங்கிணறு ரோட்டில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில், பங்குனி மாத வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில் பார்த்தேன்.

"எங்க அண்ணன் ஒடம்புல ஒரு துண்டு இங்கன புட்டியில கெடக்குதாம்லா? அதக் குடுத்துருங்க. நான் பாட்டுக்குப் போயிருதேன்" என்றார் வந்தவர். பெயர் பலவேசம். சிவகாசிப் பட்டாசு முதலாளி இராமகிருஷ்ணனின் தம்பி. சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து முகத்தைப் பார்த்துக்கொண்டார். துக்க வீட்டுக்காரருக்கு அழகைப் பற்றி இவ்வளவு கவலையா என்று எனக்குத் தோன்றியது.

பாதி வழியில் பஸ் ஏறிய வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளி இராமகிருஷ்ணனுக்குச் சில வருஷமாக ஒரு விநோத உபாதை. பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று கழுத்திலிருந்து நெற்றி வரை ரத்தச் சிவப்பாக ஏறும். மூச்சு முட்டும். கொல்லைப்பக்கம் ஓடுவார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு வடிந்துவிடும். இதற்கு ஊரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தது. ஐம்பத்தொன்பதாம் வருஷம், தீபாவளி சீசனில், அவருடைய கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறை வெடித்து ஏழு பெண்கள் கருகிப்போனார்கள். முதலாளி முகத்தில் அடிப்பது அந்தத் தீயின் வெளிச்சம் என்று சிவகாசியில் டீக்கடைக்கு டீக்கடை பேசினார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் முதலாளி செத்துப்போனார். எரித்துச் சாம்பலும் கரைத்த பிறகு தம்பி பலவேசம் போலீசுக்குப் போய், அண்ணனுக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்றார். வைத்தது வீட்டோடு இருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் ஜெபராணி என்றார்.

காரணமும் கையோடு இருந்தது. கருகிய ஏழு பேரில் எஸ்தர் என்ற பெண் ஜெபராணியின் கூடப்பிறந்த தங்கை.

ஜெபராணியின் அம்மா வந்து அழுததால் இந்த வழக்கு எங்களிடம் வந்தது. எங்களிடம் என்றால், காசிராஜன் அண்ணாச்சியிடமும் என்னிடமும். அண்ணாச்சி துப்பறிய வருவதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகத் தீ விபத்து நடந்த இடங்களைப் பார்வையிட்டு நஷ்டத்தை மதிப்பிட்டவர். சாம்பலை முகர்ந்தே எது முதலில் எரிந்தது என்று சொல்வார். நான் பெத்தணன். அவருடைய பழைய மோட்டாரை ஓட்டுவது என் வேலை. வாய் தானாக ஓடும், அதற்குச் சம்பளம் கிடையாது.

ஜெபராணி இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நர்ஸ் குவார்ட்டர்ஸில் இருந்தாள். வாசலில் ஒரு போலீஸ்காரர். நாளை சாயங்காலம் வந்து கைது செய்வதாக இன்ஸ்பெக்டர் சொல்லியிருந்தார். அதுவரைதான் எங்களுக்கு நேரம். அவளோ நாங்கள் என்ன கேட்டாலும் "நான் விஷம் குடுக்கல" என்ற ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள்.

"அந்தத் துண்டு எதுக்கு முதலாளி?" என்று பலவேசத்திடம் கேட்டார் அண்ணாச்சி.

"நாளை மறுநாள் கருமாதி. அதுக்குள்ள இதையும் எரிச்சாவணும். ஒடம்பு முழுசாப் போவலேன்னா ஆளும் போவ மாட்டாக."

"ஆளு போயிட்டாக. இந்த விரக்கடைத் துண்டுதான் இன்னும் டிக்கெட் எடுக்கல" என்றேன். அண்ணாச்சி என் காலை மிதித்தார்.

உள்ளேயிருந்து டாக்டர் ஞானபூரணி வந்தார். சின்ன வயசு. இந்த ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கையில் கண்ணாடிப் புட்டி. உள்ளே கலங்கிய தண்ணீரில் வெளிறிப்போன சதை ஒன்று தொங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இராமகிருஷ்ணனுக்குத் தீராத வயிற்றுவலி என்று அப்போதிருந்த வெள்ளைக்கார டாக்டர் வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் கொஞ்சம் வெட்டி எடுத்தாராம். விநோதமாகப் பட்டதை எல்லாம் அவர் புட்டியில் போட்டு வைக்கும் வழக்கம் உள்ளவர். ஏழு பெண்களைக் கனவில் கண்டு நடுங்கிய ஒரு மனிதரில் உலகத்தில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்.

"முதலாளி, சாம்பல்ல விஷம் தெரியாது. உங்க புகாருக்குச் சாட்சி சொல்ல இந்தச் சதை ஒண்ணுதான் பாக்கி" என்றார் அண்ணாச்சி. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பொறுங்க. என் கையாலே புட்டியத் தர்றேன்."

பலவேசம் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். "வெசம்னு நிச்சயமாச் சொல்லிருவீகளா?"

"என்ன இருக்கோ அதச் சொல்லிருவோம்."

அவர் அரை மனதோடு தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது அவருடைய கன்னம் சிவந்திருந்ததைக் கவனித்தேன். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, நெசமாவே இதுல விஷம் தெரியுமா?" என்று காதில் கேட்டேன்.

"ஏலே, இத வெட்டுன அன்னிக்கி ஜெபராணி அந்த வீட்டு வாசலையே மிதிச்சதில்ல. ஆப்பரேஷன் முடிஞ்சப்புறம்தான் கூட்டிட்டுப் போனாக. அப்பவே இதுக்குள்ள நோய் உக்காந்திருந்தா, விஷம்ங்கற பேச்சே அடிபட்டுப் போகும்லா?"

டாக்டர் ஞானபூரணி புட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். "நீங்க சொல்ற மாதிரி முகம் சிவக்கிற வியாதி ஒண்ணு புஸ்தகத்துல படிச்சிருக்கேன். கண்ணால பார்த்ததில்லை. குடல்ல சில செல்லுங்க இருக்கு. நாம சாப்பிடற புரதத்துல ஒரு துணுக்கை எடுத்து அதுங்க ஒரு சரக்கு செய்யும். அந்தச் செல்லுங்க கட்டியா வளர்றது ரொம்ப அபூர்வம். வளர்ந்தா அந்தச் சரக்கு ரத்தத்துல கொட்டும், முகம் சிவக்கும்."

"அது இதுதானான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"அந்தச் செல்லுங்களுக்கு ஒரு குணம். வெள்ளி உப்புல ஊறவெச்சா வெள்ளியை இழுத்துக்கிட்டுக் கறுத்துடும். வேற கட்டி கறுக்காது. சதையை நான் மெழுகுல பதிச்சுச் சீவிடுவேன். ஆனா எங்ககிட்ட வெள்ளி உப்புன்னு இருக்கிறது பிறந்த குழந்தைக்குக் கண்ணுல விடற சொட்டு மருந்துதான். அது தண்ணி மாதிரி. நல்ல கெட்டியான உப்பு வேணும். மதுரையிலிருந்து வரவழைக்க நாலு நாள் ஆகும்."

அண்ணாச்சி சிரித்தார். அந்த வழக்கில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். "காலண்டர் அடிக்கற ஊருக்கு மதுரை எதுக்கு டாக்டரம்மா? ஏலே பெத்தணா, வண்டிய எடு."

சிவகாசியில் காலண்டர் அடிக்கும் லித்தோ அச்சகங்களில் சாமி படத்தை முதலில் பெரிய காமிராவால் கண்ணாடியில் பிடிப்பார்கள். அந்தக் கண்ணாடியை ஊற வைப்பது வெள்ளி உப்புத் தண்ணீரில். அண்ணாச்சிக்குத் தெரிந்த ஓர் அச்சகத்தில் காமிராக்காரரைப் பிடித்தோம். அவருடைய விரல்கள் நகக்கண் வரை கரிக்கட்டை. அந்த உப்பு பட்டு வெயில் காட்டினால் அப்படி ஆகிவிடுமாம், வாரக்கணக்கில் போகாதாம். ஒரு சின்னப் புட்டி நிறைய வெள்ளைக் கற்கண்டு மாதிரி போட்டுக் கொடுத்தார். வழியில் நான் கொஞ்சம் விரலில் தொட்டுப் பார்த்தேன். தெரிந்தேதான் தொட்டேன், என் புத்தி அப்படி.

அங்கிருந்து முதலாளி வீட்டுக்குப் போனோம். பலவேசம் இல்லை. சமையல்கார அம்மாள் சண்முகத்தாய் எங்களை மாடிக்கு அழைத்துப் போனாள். முதலாளி படுத்திருந்த அறை. கம்பெனி இருக்கும் பக்கத்து ஜன்னலைப் பலகை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். பகலிலேயே இருட்டு. நடுவில் இரண்டு நாற்காலிகள் எதிரும் புதிருமாகக் கிடந்தன. ஒன்று உட்கார்ந்து உட்கார்ந்து பிரம்பு தொய்ந்திருந்தது. மற்றது புத்தம் புதிதாக இருந்தது.

"இது யாரு உக்கார்ற நாக்காலி?" என்று புதியதைக் காட்டினார் அண்ணாச்சி.

"யாரும் உக்கார மாட்டாக. சாயந்தரம் சாயந்தரம் அதத்தான் தொடைக்கச் சொல்லுவாக."

நான் அந்த நாற்காலியை விட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "மொகம் செவந்துச்சுன்னா ஒடனே அந்த நாக்காலியப் பாத்துக் கும்புடுவாக. 'எஸ்தரு, வந்துட்டியா'ம்பாக. 'சீசன் ஆர்டர்னு ஒரு லோடு மருந்து கூட அள்ளி உள்ள வைக்கச் சொன்னது நாந்தான் தாயி. நீ உரசித் தீப்பிடிக்கல. உம்மேல பழியப் போட்டுட்டேன்'னு அழுவாக. தீவாளி அன்னிக்கிக் காதுல பஞ்ச அடச்சிக்கிட்டுக் கட்டிலுக்கடியில கெடப்பாக. எம்புட்டுப் பெரிய முதலாளி! பாக்கச் சகிக்காது அய்யா."

"ஜெபராணி எஸ்தரோட அக்கான்னு முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சுதான் கூப்புட்டாக. 'நீயே வா, நீ பக்கத்துல இருந்தா அவ கோவம் கொறையும்'னாக."

"முதலாளி அப்படி அழும்போது ஜெபராணி என்ன செய்யும்?"

"பின்னால நிக்கும். கேட்டுக்கிட்டே நிக்கும். முடிஞ்சதும் தண்ணி குடுக்கும். அம்புட்டுதான்."

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். கொக்கியில் வாழைப்பழச் சீப்பு ஒன்று கறுத்துப்போய்த் தொங்கியது.

"அதையேன் கேக்கீக!" என்றாள் சண்முகத்தாய். "சாப்பாட்டுக்கப்புறம் காளி கோயில்ல பூசை வச்ச பழம் ஒண்ணு திங்காம மொதலாளி படுக்க மாட்டாக. அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்த புதுசுல, ரெண்டு வருசத்துக்கு முந்தி தை மாசம் ஒருநா, 'மூணு நாளைக்குப் பழமே கூடாது'ன்னுருச்சு. ஏசு வேதக்காரப் பொண்ணுல்லா, சாமி பழத்த ஒதுக்குதுன்னு சின்ன மொதலாளி குதிச்சாக. மூணாம் நாளு மூத்திரத்தப் பூராவும் பெரிய புட்டியில பிடிச்சு வச்சுச்சு. சூனியம் வைக்கத்தான எடுக்குதுன்னு எனக்குக் கையுங்காலும் ஓடல."

பலவேசம் போலீசில் கொடுத்த புகாரிலும் இந்தப் பழம் இருந்தது. காளி பழத்தை நிறுத்தி அம்மன் கோபத்தை வரவழைத்தாள், பிறகு பழத்திலேயே விஷம் வைத்தாள் என்று ஒரே மூச்சில் இரண்டு குற்றம் சாட்டியிருந்தார்.

"நாலாம் நாளு பழம் திங்க விட்டுச்சா?"

"விட்டுச்சு. அதுவே உரிச்சுக் குடுத்துச்சு. அதான் எங்களுக்குப் புரியல."

படியிறங்கும்போது அண்ணாச்சி தனக்குள் பேசிக்கொண்டார். "சாமி பழம் ஆகாதுன்னா நாலாம் நாளும் ஆகாது. அப்ப அந்த மூணு நாள்ல என்ன விசேஷம்?"

"வயித்துக்கு லீவு விட்டிருப்பாக" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது என் ஆள்காட்டி விரல் மை போல் கறுத்திருந்தது. டாக்டரிடம் நீட்டி, "எனக்கும் அந்தக் கட்டியா டாக்டரம்மா?" என்றேன்.

"அது வாய்க்கொழுப்பு. அதுக்கு மருந்து இல்லை" என்றார். பேசிக்கொண்டே ஒரு கண்ணாடிக் குவளையைக் கழுவி ஊற்றினார். "நேத்து நீங்க கொண்டு வந்த உப்பை அம்மோனியாத் தண்ணியோட கலக்கினேன். மிச்சத்தை வைக்கக் கூடாது. வெச்சிருந்தா தானா வெடிக்கும்."

"சிவகாசிக்குன்னே செஞ்ச மருந்து போலிருக்கு" என்றேன்.

மைக்ராஸ்கோப்பில் அண்ணாச்சி முதலில் பார்த்தார். பிறகு நான் பார்த்தேன். மங்கலான மஞ்சள் தரை. அதில் கூட்டம் கூட்டமாக, பொடிப்பொடியாக, கன்னங்கரேல் என்று மணல் அள்ளித் தெளித்த மாதிரி இருந்தது.

"வெள்ளியைப் பிடிச்சுட்டுது. சந்தேகமே இல்லை" என்றார் டாக்டர். "புஸ்தகத்துல படிச்சதை முதல் தடவையாப் பார்க்கறேன். பாவம், எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார்."

பலவேசம் சொன்னபடி தூக்குவாளியோடு வந்து சேர்ந்தார். டாக்டர் அவரையும் பார்க்கச் சொன்னார். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார்.

"கறுப்பாத் தெரியுதே, அதுதான் நோய். ஈரல் வரைக்கும் போயிருக்கும். அந்தக் கட்டி ரத்தத்துல சரக்கைக் கொட்டும்போதெல்லாம் உங்க அண்ணன் முகம் சிவந்திருக்கு. கடைசியில இதயத்தையும் கெடுத்திருக்கும்."

"அப்ப வெசம் இல்லையா?"

"இல்லை."

"அந்தப் புள்ளையும் இல்லையா?"

டாக்டருக்குப் புரியவில்லை. அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். "எந்தப் புள்ள முதலாளி?"

பலவேசம் மைக்ராஸ்கோப்பை விட்டு நிமிரவே இல்லை. அப்படியே பேசினார். "வெந்து செத்தாள்லா, எஸ்தரு. அவ. வெசம்னா மனுசன் செஞ்சது, பிடிச்சு ஜெயில்ல போட்டுரலாம். வெசம் இல்லேன்னா அவதான் வந்து கொண்டுபோயிருக்கணும். அப்ப அடுத்தது நான். அவ கவனக்கொறவுன்னு எழுதிக் குடுத்த காயிதத்துல அண்ணன் கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் இருக்கு. அண்ணன் போனதுலேருந்து எனக்கும் மொகம் செவக்குது. வீட்டுல சொல்லுதாக. கண்ணாடியும் சொல்லுது."

சட்டைப் பையிலிருந்த கண்ணாடி எதற்கு என்று அப்போது புரிந்தது. அழகு பார்க்கிறார் என்று கேலி செய்த என்னை நானே நொந்துகொண்டேன். கொலை நடந்ததென்று நிரூபிக்க அவர் துடித்தது பழிவாங்க அல்ல, பயம் தாங்காமல்தான்.

"அந்தக் காயிதத்த அப்பவே நான் படிச்சேன் முதலாளி" என்றார் அண்ணாச்சி. "நம்பல. நம்பலேன்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதியும் குடுத்தேன். யாரும் கண்டுக்கல."

பலவேசம் தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு எழுந்து புட்டியை வாங்கித் தூக்குவாளிக்குள் வைத்து மூடி, நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குக் கொண்டாட்டம். "ஜெயிச்சாச்சு அண்ணாச்சி! பாவம் அந்த வாழைப்பழம், அதுமேலயும் ஒரு கேசு போட்டாக."

"எந்த வாழைப்பழம்?" என்றார் டாக்டர்.

மூன்று நாள் கதையைச் சொன்னேன். மூத்திரப் புட்டியையும் சொன்னேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அது சூனியம் இல்லை, பரிசோதனை! அந்தக் கட்டியோட சரக்கு உடம்புல வேலை முடிஞ்சதும் மூத்திரத்துல வெளியே வரும். எவ்வளவு வருதுன்னு பார்த்து வியாதியைச் சொல்லிடலாம். ஆனா அதே சரக்கு வாழைப்பழத்துலயும் இருக்கு. பழம் சாப்பிட்டவங்க மூத்திரம் பொய் சொல்லும். அதனாலதான் முன்கூட்டியே பழத்தை நிறுத்தணும். ரொம்ப சரியாச் செஞ்சிருக்காங்க."

"பாத்தீகளா, ஜெபராணி வைத்தியம்தான் பாத்திருக்கு!" என்று நான் கையைத் தட்டினேன்.

அண்ணாச்சி முகம் இறுகிவிட்டது. "டாக்டரம்மா, இந்தப் பரிசோதனை எதுக்குன்னு இங்கன யாருக்குத் தெரியும்?"

"முன்னாடி இருந்த வெள்ளைக்கார டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். வேலூருக்கு அனுப்பிப் பார்த்திருப்பார். அவர் ஊருக்குக் கப்பலேறிப் போய் ரெண்டு வருஷம் ஆகப் போகுதே."

தட்டிய கை அப்படியே நின்றது. இராமகிருஷ்ணனுக்கு என்ன நோய் என்று ஒருவருக்கும் தெரியாது என்றல்லவா நேற்று முழுக்க அலைந்தோம்? இரண்டு வருஷமாகத் தெரிந்த ஒருத்தி இருந்திருக்கிறாள். தூக்குக் கயிறு கழுத்துக்கு வரும் என்று தெரிந்தும், 'அவருக்கு இன்ன நோய்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் வாயைக் கட்டி வைத்திருக்கிறாள்.

குவார்ட்டர்ஸ் வராந்தாவில் ஜெபராணி துவைத்துக் காய்ந்த பேண்டேஜ் துணிகளைச் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயசு இருக்கும். எண்ணெய் காணாத தலை. அண்ணாச்சி எதிரே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"தாயி, பலவேசம் புகார வாபஸ் வாங்கப் போயிருக்காரு. கட்டின்னு நிரூபணமாயிருச்சு. உங்களக் கைது பண்ண மாட்டாக."

அவள் தலையாட்டினாள். சந்தோஷப்படவில்லை.

"நீங்க விஷம் குடுக்கல. ஆனா அவருக்கு ஒரு வார்த்தை குடுக்க வேண்டியிருந்துச்சு. அதையும் குடுக்கல. அப்படித்தான?"

சுற்றிக்கொண்டிருந்த துணி கையிலிருந்து நழுவி உருண்டு, வராந்தா நெடுகப் பிரிந்துகொண்டே போனது. யாரும் எடுக்கவில்லை.

"வாழப்பழமா?" என்றாள்.

"வாழப்பழம்தான்."

பிரிந்து கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டர் துரை கப்பலுக்குக் கெளம்புற அன்னிக்கிக் கூப்புட்டுச் சொன்னாரு. 'கட்டி ஈரலுக்குப் போயிருச்சு. வேலூருக்கு அனுப்பு. முழுசாக் கொணமாகாது, ஆனா இன்னும் சில வருசம் நல்லா இருப்பாரு. அவருக்குப் புரியறாப்புல சொல்லிரு'ன்னாரு. சொல்லத்தான் போனேன் அண்ணாச்சி. சத்தியமா."

"போயி?"

"மாடியில மொகம் செவந்து உக்காந்திருக்காக. நாக்காலியப் பாத்து, 'எஸ்தரு, நீ உரசல தாயி, நாந்தான்'னு அழுவுதாக. ஏழு பேரையும் கொன்னது எந்தங்கச்சின்னுதான் ஊரே சொல்லுச்சு. ஞாயித்துக்கெழம கோயில்ல எங்கம்மா பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாக. அவ தப்பு இல்லேன்னு சொன்ன வாய் ஒலகத்துலயே அது ஒண்ணுதான். நோயின்னு சொல்லிட்டா அந்த வாய் மூடிரும்லா? சரி, நாளைக்குச் சொல்லுவோம்னு நெனச்சேன். நாளைக்கும் அதையே சொன்னாக. மறுநாளும் சொன்னாக." அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "கேக்க நல்லா இருந்துச்சு அண்ணாச்சி."

நான் எத்தனையோ வாக்குமூலம் கேட்டிருக்கிறேன். எதுவும் என்னை இப்படிக் கலக்கியதில்லை. அவளைத் திட்டத் தோன்றியது. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் உட்காரவும் தோன்றியது.

"இதுக்குச் சட்டத்துல செக்ஷன் கிடையாது" என்றார் அண்ணாச்சி. "அவர நீங்க கொல்லலேன்னுதான் இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லப் போறேன். அது உண்மைதான். முழுசு இல்ல, அம்புட்டுதான்."

"செக்ஷன் எதுக்கு? இப்ப நான் கண்ண மூடுனா எதிர்ல நாக்காலி வந்துருது. அதுல அவுகதான் உக்காந்திருக்காக. செவந்த மொகத்தோட."

வெளியே மோட்டார் சத்தம் கேட்டது. பலவேசம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேரே வந்திருந்தார். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் ஏதோ சீட்டைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். கையில் தூக்குவாளி இன்னும் இருந்தது. அதைக் கீழே வைக்க மனமில்லாமல் பிடித்தபடியே ஜெபராணி முன்னால் நின்றார். கும்பிட ஒரு கைதான் மிச்சம் இருந்தது.

"தாயி, வாய் கூசாம உன்னக் கொலைகாரின்னுட்டேன். மனசுல வச்சுக்காத." அவர் கன்னமும் கழுத்தும் சிவந்து வந்தன. கண்ணாடியை எடுக்காமலே அது அவருக்குத் தெரிந்துவிட்டது. மூச்சு வாங்கியது. "பாரு, வருது பாரு. டாக்டரம்மா என்னமோ கட்டின்னாக. எனக்கு அது வெளங்கல. அவ அக்கா நீ. அண்ணனக் கூட இருந்து பாத்தவ நீ. நீயே சொல்லு தாயி. எனக்கும் அவதான் வாராளா? நான் என்ன சொல்லணும் அவகிட்ட? சொல்லிருதேன். எல்லாத்தையும் சொல்லிருதேன்."

அண்ணாச்சி எழுந்திருக்கப் போனவர், பாதியில் நின்றார். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆமாம்' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். அந்த மாடி அறையின் தொய்ந்த நாற்காலியில் இன்று சாயங்காலமே இவர் போய் உட்காருவார். எதிர் நாற்காலியைத் துடைக்கச் சொல்வார். எஸ்தர் தப்பு செய்யவில்லை என்று இன்னொரு வாய் இன்னும் பல வருஷம் அழுதுகொண்டே சொல்லும்.

ஜெபராணி எழுந்து போய், வராந்தாவில் பிரிந்து கிடந்த துணியை எடுத்தாள். மறுபடி முதலிலிருந்து சுற்றினாள். சுற்றி முடித்து, ஓரத்தை மடித்து ஊசி குத்தினாள்.

"மொதலாளி" என்றாள். "மூணு நாளைக்கு வாழப்பழம் சாப்பிடாதீக."